குயில் செய்வது பாவமா?

சித்திரை பிறந்துவிட்டால் கோவைப் பக்கத்துத் தோட்டங்களில் குயில் சத்தத்தில்தான் விடியும். வேப்பமர உச்சியிலிருந்து கூவுவது கறுத்த உடலும் சிவந்த கண்ணும் உள்ள ஆண். வெள்ளைப் புள்ளி தெளித்த பழுப்பு நிறப் பெட்டைக்கு வேறு வேலை இருக்கிறது: காக்கைக் கூட்டை நோட்டம் விடுவது. கீழே கிளுவை வேலியோரம் செங்கல் நிற இறக்கையோடு இன்னொரு பறவை நடந்துபோகும். ‘ஊப் ஊப்’ என்று அடித்தொண்டையில் குரல் கொடுக்கும் செம்போத்து அது. பறவையியல் கணக்கில் இரண்டும் ஒரே குடும்பம்.

குடித்தனம் நடத்துவதில்தான் வேறுபாடு. குயில் கூடே கட்டாது. காக்கைக் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் பறந்துவிடும். செம்போத்து புதருக்குள் இலையும் புல்லும் சேர்த்து உருண்டையாகக் கூடு கட்டும். ஆணும் பெட்டையுமாகக் குஞ்சுகளை வளர்க்கும்.

ஒன்று பொறுப்பற்ற தாய், மற்றது நல்ல பெற்றோர் என்று தீர்ப்புச் சொல்லத் தோன்றுகிறதா?

கொஞ்சம் பொறுக்கலாம். அந்த நல்ல பெற்றோர் இரை தேடும்போது அடுத்த பறவைகளின் முட்டையையும் குஞ்சையும்கூட விட்டுவைப்பதில்லை. குயிலின் பக்கமும் சொல்வதற்கு ஒன்று உண்டு. ஐரோப்பியக் குயிலின் குஞ்சு, வளர்ப்புத் தாயின் முட்டைகளையும் குஞ்சுகளையும் முதுகால் நெம்பிக் கூட்டுக்கு வெளியே தள்ளிவிடும். இதை 1788இல் எழுதிவைத்தவர், பின்னாளில் அம்மைத் தடுப்பூசியால் புகழ்பெற்ற எட்வர்ட் ஜென்னர். நம்மூர்க் குயில் குஞ்சு பெரும்பாலும் காக்கைக் குஞ்சுகளோடு சேர்ந்தேதான் வளர்கிறது. முந்திப் பொரிந்துவிடுவதால் தீனியில் அதன் கை ஓங்கியிருக்கும், அவ்வளவுதான்.

பறவைக்குப் பாவம் உண்டா என்ற கேள்வி கொங்கு மண்ணுக்குப் புதிதல்ல. நன்னூல் தந்த பவணந்தி முனிவரின் ஊர் பெருந்துறையை அடுத்த சீனாபுரம் என்பது இங்குள்ளோர் நம்பிக்கை. மக்கள், தேவர், நரகர் ஆகியோரை மட்டும் உயர்திணையில் வைத்த அந்த நூல், குயிலையும் செம்போத்தையும் கல்லோடும் மண்ணோடும் சேர்த்து அஃறிணையில் விட்டது. ஆனால் பவணந்தியார் பின்பற்றிய சமணம் விலங்குக்கு அறத்தின் கதவை மூடவில்லை. மகாவீரர் முற்பிறவி ஒன்றில் சிங்கமாக இருந்தபோது முனிவர்களின் உபதேசம் கேட்டுக் கொலையைக் கைவிட்டார் என்கிறது சமணப் புராணம்.

அந்தச் சிங்கத்துக்குச் சொல்லித்தர ஆள் இருந்தது. கேட்டு மனம் மாறவும் முடிந்தது. குயிலுக்கு இரண்டும் இல்லை. தன்னை வளர்க்காத தாயின் வழக்கத்தை, யாரும் சொல்லித்தராமலே அது திரும்பச் செய்கிறது. வேறொன்றைச் செய்ய வழியிருந்தும் செய்யாததுதான் குற்றம் என்றால், குயில்மேல் வழக்கு நிற்காது. அதே காரணத்தால் செம்போத்துக்கு நற்சான்றிதழும் கிடையாது.

காக்கைக்கும் இதில் வாதமில்லை. முன்னோர் உண்பதாக எண்ணி அமாவாசையன்று வீட்டார் கூரையில் வைக்கும் சோற்றை அது கொத்திக்கொண்டு போகிறது. கூட்டில் வாய் பிளந்து காத்திருக்கும் குயில் குஞ்சுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.