தண்டமும் மறக்கருணையும்

இறைவன் உயிர்கட்குச் செய்யும் அருள் அறக்கருணை, மறக்கருணை என இருதிறப்படும் என்பது சைவசித்தாந்தத் துணிபு. நோயுற்ற மகவுக்குத் தாய் கைப்பு மருந்தைப் புகட்டுதல்போல, மலநோய் தீரும்பொருட்டு அவன் துன்பத்தையும் ஊட்டுகின்றான். இதனைப் பிறழ உணர்ந்து, “அடித்தாலன்றி உலகம் திருந்தாது, காவலர் கைத்தடியும் அக்கருணையின் பாற்பட்டதே” என்று கூறுவாரும் உளர். அக்கூற்றுப் பொருந்துமோ என்பது ஈண்டு ஆராயத்தக்கது.

இறைவன் தண்டம் கருணையாதற்கு ஏது மூன்று. அவன் முற்றுணர்வினன், ஆதலின் இவ்வுயிர் செய்த வினை இது, அதற்குரிய அளவு இது என ஐயமின்றி அறிவான். அவன் இயல்பாகவே பாசங்களின் நீங்கியவன்; ஆதலின் சினமும் செருக்கும் அவன்பால் இல்லை. அவன் தனக்கென ஒரு பயனும் வேண்டாதவன். மக்களுள் அதிகாரம் பெற்றாரோவெனின், சிற்றறிவினர், ஆணவத்தோடு கூடியவர், பதவியும் புகழும் நாடுபவர். கையில் தடி ஏறியமையால் ஆணவம் குறைவதில்லை, மிகுதற்கே இடனாகும். ஆகவே குற்றஞ்செய்தான் எனப்பட்டவனைப் பிடித்து நிறுத்துதல் காவலர்க்கு உரியது. தண்டித்தல் அவர்க்கு உரியதன்று.

நாட்டின் சட்டமும் இதனையே வற்புறுத்துகின்றது. சிறைப்பிடிக்கப்பட்டவனை, வழிப்பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துள் நீதிபதிமுன் நிறுத்துக என்பது இந்திய அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவு. 1996இல் டி. கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம், கைதினைச் சான்றொப்பத்துடன் எழுதுதல், உற்றார்க்கு அறிவித்தல், காவலில் உள்ளாரை 48 மணிக்கு ஒருமுறை மருத்துவர் ஆராய்தல் முதலிய நெறிகளை வகுத்தது. அதிகாரியும் பாசத்திற் கட்டுண்ட ஓருயிரே என்பதறிந்து இட்ட வேலிகள் இவை.

தடியின் வழி எங்குச் சென்று முடியும் என்பதனைத் திருநெல்வேலி கண்டது. 1999 ஜூலை 23ஆம் நாள், மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்க்குக் கூலி உயர்வும், சிறைப்பட்ட தொழிலாளர்க்கு விடுதலையும் வேண்டி, அவரும் அவர்க்குத் துணைநின்றாரும் மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பம் அளிக்க ஊர்வலமாகச் சென்றனர். ஆற்றங்கரையில் காவலர் தடியடி நடத்தினர். அஞ்சி ஓடினோர் பலர் தாமிரபரணியில் வீழ்ந்தனர். 17 பேர் மாண்டனர். அவருட் பெண்டிரும் ஒரு பச்சிளங்குழவியும் அடங்குவர். மாஞ்சோலை மலையின் நீர் மணிமுத்தாறாய் இழிந்து பொருநையிற் கலக்கும்; அம்மலையின் மக்கட்காக வந்தோர் அந்நீரிலேயே உயிர் துறந்தனர்.

அரசு அமைத்த நீதிபதி மோகன் ஆணையம், காவலர் செயல் தக்கதே என முடிவு கூறிற்று. கூட்டத்திற் சிலர் வரம்பு கடந்தனர் என்றே கொள்ளினும், அக்குழவி கடந்த வரம்பு யாது? சட்டத்தின் விடை ஒன்றாக இருக்கலாம். அறத்தின் வினா அதனோடு தீர்வதன்று. 2023 மார்ச்சு மாதம், அதே ஆற்று வெளியில், விசாரணைக்குக் கொண்டுவரப்பட்டோரின் பற்கள் பிடுங்கப்பட்டன என்னும் குற்றச்சாட்டு அம்பாசமுத்திரத்தில் எழ, அரசு உயர்நிலை விசாரணைக்கு ஆணையிட்டது. வினா இன்னும் தீர்ந்திலது.

அற்றேல், “அவரவர் துன்பம் அவரவர் வினைப்பயன், அடித்தவர் கருவியே” எனின், அது பொருந்தாது. என்னை? துன்புற்றான் நுகர்வது அவன் பிராரத்தம். துன்புறுத்தினான் அச்செயலால் தனக்கு ஆகாமியம் ஈட்டுகின்றான். ஒருவன் ஊழ் மற்றொருவன் குற்றத்தை மறைக்கும் போர்வை ஆகாது. ஆகுமெனின், களவு கொடுத்தவன் ஊழைக் காட்டிக் கள்வனும் தப்புவான். காவலர்க்குத் தொழிலே இல்லையாய்விடும். மேலோர் ஆணைப்படி செய்தேன் என்பதும் இத்தகையதே. மாணிக்கவாசகரைச் சுடுமணலில் நிறுத்திய தண்டலாளரும் அரசன் ஆணையையே செய்தனர்.

அவ்வடிகள் பொருட்டன்றோ பெருமான் வையைக் கரைக்கு வந்தருளினான்! அரசனாக வந்தானல்லன், வந்தி என்னும் முதியவளுக்குக் கூலியாளாய்ப் பிட்டுக்கு மண் சுமந்தான். பாண்டியன் பிரம்பால் அடித்த அடி எல்லா உயிர்களின்மேலும் பட்டது. அடித்தவன் முதுகிலும் பட்டது. எவ்வுயிர்க்கும் உயிராய் நிற்பவன் அவனாதலின், எளியான் ஒருவன்மேற் படும் அடி எங்குச் சென்று படுகின்றது என்பதனை அத்திருவிளையாடல் உணர்த்தும். அவ்வடியின் நோவைத் தானும் உணர்ந்தமையாற் பாண்டியன் தன் பிழையறிந்து உய்ந்தான்.

காலையில் நெல்லையப்பரைத் தொழுது, நெற்றியில் நீறணிந்து, காவற்பணிக்குச் செல்லும் அன்பர் இன்றும் பலர். நிலையத்தின் உள்ளறையில் கேட்பாரின்றிக் குந்தியிருக்கும் ஏழைக் கூலியாள்மேற் கையோங்குமுன், வையைக் கரையில் மண்கூடையோடு நின்றவன் யாவன் என அவர் ஒருகணம் நினைவாராக.