வ்ருத்தியும் த்ருப்தியும்

உத்ஸவ காலத்தில் சந்நிதியில் நின்று சேவார்த்திகளின் ப்ரார்த்தனைகளைச் செவிமடுப்பவர்களுக்கு ஒரு விஷயம் புலனாகும். பேரும் நக்ஷத்ரமும் சொல்லி அர்ச்சனைத் தட்டை நீட்டும் பெற்றோரில் பலர், "பிள்ளைக்கு ஒரு வேலை அமைய வேண்டும்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லுவர். மறு வருஷ உத்ஸவத்திற்கும் அதே பெற்றோர் வருவர். வேலை கிடைத்திருக்கும், ஆயினும் முகத்தில் தெளிவிராது. "வேலையில் மனம் ஒட்டவில்லை என்கிறான், ஸ்வாமி. விட்டுவிடப் போகிறேன் என்கிறான்" என்பது இரண்டாம் வருஷத்து விண்ணப்பம்.

முதல் ப்ரார்த்தனையில் ஸந்தேஹத்திற்கு இடமில்லை. இரண்டாவதோ உண்மையிலேயே ஒரு தர்ம விசாரம். ஒரு தொழில் வயிற்றை நிறைத்தால் போதுமா, மனத்தையும் நிறைக்க வேண்டுமா? மனம் நிறையவில்லை என்பதற்காக, வீட்டில் முதிய தகப்பனாரும் மணமாகாத தங்கையும் இருக்கையில், இருபத்திரண்டு வயதுப் பிள்ளை கையில் உள்ளதை விட்டெறிவது தகுமா? விடாமலிருந்து உள்ளுக்குள் வாடிப்போவதுதான் தகுமா?

வடமொழியில் ஜீவனத்திற்கு வழியான தொழிலுக்கு 'வ்ருத்தி' என்று பெயர். மனத்தின் ஓட்டத்திற்கும் அதே பெயர்தான். யோக சாஸ்த்ரத்தில் 'சித்தவ்ருத்தி' என்று வழங்குவது இதனையே. பகலெல்லாம் எதைச் செய்கிறோமோ அதன் வழியே மனமும் ஓடத் தொடங்குகிறது என்பதை இந்த ஒரு சொல்லே காட்டிவிடுகிறது. 'உத்யோகம்' என்பதும் வடசொல்லே. அங்கே அதற்கு முயற்சி என்று பொருள். மஹாபாரதத்தில் உத்யோக பர்வம் என்று ஒரு பர்வமே இருக்கிறது. அதில் யாரும் மாதச் சம்பளத்திற்கு நியமனமானதாகக் காணோம்! தமிழில் வந்து வழங்கும்போது அச்சொல் நாற்காலியையும் சம்பளத்தையும் குறிப்பதாகிவிட்டது. முயற்சி என்னும் பொருள் எங்கோ வழியில் நழுவி விழுந்துவிட்டது. இன்றைய இளைஞர்களின் மனக்குறையில் பாதி அந்த நழுவலில் இருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

இவ்விஷயத்தில் பெரியோர்கள் உடனே ஸ்வதர்மத்தை எடுத்துக்காட்டுவர். தகப்பன் செய்ததைப் பிள்ளை செய்வதே ஸ்வதர்மம் என்று முடித்துவிடுவாரும் உண்டு. ஆனால் கீதையின் பதினெட்டாம் அத்யாயத்தில் கர்மத்தைப் பற்றிப் பேசுமிடத்தில் 'ஸ்வபாவம்' என்னும் பதம் மீண்டும் மீண்டும் வருவதை அவர்கள் கவனிக்க வேண்டும். ஒருவனுடைய உள்ளியல்பு எது என்னும் கேள்வியைத் தாண்டாமல் அவனுக்குரிய கர்மம் எது என்று நிர்ணயிக்க இயலாது. அந்த உள்ளியல்பை அறிவது எங்ஙனம், அறிந்தபின் அதற்கும் அன்றாடச் சோற்றுக்கும் இணக்கம் காண்பது எங்ஙனம் என்பதிலேதான் சிக்கல் எல்லாம்.

இச்சிக்கலை முழுவதும் அனுபவித்த ஒருவருடைய சரித்திரம் நம்மிடையே உண்டு. கணித மேதை ஸ்ரீநிவாஸ ராமானுஜன் 1887 டிஸம்பர் 22ல் ஈரோட்டில் அவதரித்துக் கும்பகோணம் சார்ங்கபாணி சந்நிதித் தெருவில் வளர்ந்தவர். தகப்பனார் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கெழுதியவர். தாயார் கோயில் பஜனையில் பாடியவர். நாமக்கல் நாமகிரித் தாயாரே அக்குடும்பத்தின் தெய்வம். அவர் பெற்ற புகழை எல்லோரும் பேசுவர். அவர் வேலை தேடி அலைந்த ஆண்டுகளைப் பேசுவார் சிலரே.

கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் 1904ல் உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்தார். கணிதம் தவிர வேறெதிலும் மனம் செல்லாமையால் மற்றப் பாடங்களில் தவறி, உபகாரச் சம்பளத்தை இழந்தார். பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எப்.ஏ. பரீக்ஷையில் தேறவில்லை. பட்டமில்லை, பட்டமின்றி வேலையுமில்லை. 1909ல் விவாஹமும் ஆயிற்று. இருபத்தொரு வயது, கையில் கணக்கு நோட்டுப் புத்தகங்கள் மட்டுமே சொத்து. காகிதம் விலையாகும் என்று சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, முடிவை மாத்திரம் நோட்டில் குறித்துக்கொள்வாராம்.

இந்நிலையில் 1910ல் அவர் திருக்கோவலூருக்குச் சென்றார். முதலாழ்வார்கள் மூவரும் ஓர் இடைகழியில் நெருங்கி நின்ற தலமாகச் சேவார்த்திகள் அறிந்துள்ள அவ்வூரில், அப்போது வி. ராமஸ்வாமி ஐயர் என்பார் டெபுடி கலெக்டராக இருந்தார். 1907ல் இந்தியக் கணித சங்கத்தை நிறுவியவர் இவரே. ராமானுஜன் அவரிடம் கணிதப் பட்டம் வேண்டவில்லை. தாலுகா ஆபீஸில் ஒரு குமாஸ்தா வேலைதான் வேண்டினார். நோட்டுப் புத்தகங்களைப் பார்த்தார் ஐயர். வேலை தர மறுத்துவிட்டார். ரெவினியூ இலாகாவின் கடைசிப் படியில் உட்காரவைத்து இப்பேரறிவை நசுக்கிவிடத் தமக்கு மனமில்லை என்பது அவர் பின்னாளில் சொன்ன காரணம்.

இங்கே சற்று நிற்க வேண்டும். பசித்து வந்தவன் சோறு கேட்கிறான். 'உன் பெருமைக்கு இச்சோறு தகாது' என்று சொல்லி வெறுங்கையாய் அனுப்புவது தர்மமாகுமா? ராமானுஜனுடைய பிற்காலத்தை அறிந்தவர்கள் ஐயரைத் தீர்க்கதரிசி என்று கொண்டாடுவர். முடிவை வைத்து நியாயம் பேசுவது எளிது. சென்னைக்குச் செல்லும் வழியிலேயே அந்தப் பிள்ளை நோயுற்று மடிந்திருந்தால் அதே மறுப்பை என்னவென்று அழைப்போம்? ஆகவே முடிவைக் கொண்டன்றி, அவர் செய்த செயலைக் கொண்டே அதனை எடைபோட வேண்டும். அவர் மறுத்ததோடு நிற்கவில்லை. சென்னையிலுள்ள கணித அன்பர்களுக்குக் கடிதம் தந்து அனுப்பினார். ஒரு கதவைச் சாத்தியவர் வேறொரு கதவின் வழியைக் காட்டியபின்னரே சாத்தினார். அதனால்தான் அம்மறுப்பு கருணை என்னும் பெயருக்கு உரியதாகிறது. 'இது உனக்கு ஏற்றதன்று' என்று இளைஞனிடம் சொல்லும் பெரியவர், ஏற்றது எங்கே கிடைக்கும் என்று நாலடி உடன் நடந்து காட்டவும் கடமைப்பட்டவர். அங்ஙனம் நடக்க மனமில்லாதவர் முதல் வார்த்தையைச் சொல்லாதிருப்பதே மேல்.

அக்கடிதங்களின் வழியே நெல்லூர்க் கலெக்டர் ஆர். ராமசந்த்ர ராவின் தரிசனம் கிட்டிற்று. என்ன வேண்டும் என்று அவர் கேட்டபோது, கவலையின்றி உண்ண ஒரு பிடி அன்னமும் கணிதம் செய்ய ஓய்வுமே வேண்டும் என்று ராமானுஜன் விண்ணப்பித்ததாக ராவ் எழுதியிருக்கிறார். ராவும் மாதந்தோறும் தம் கைப்பொருளைக் கொடுத்து வந்தார். 1911ல் ராமானுஜனின் முதல் கட்டுரை கணித சங்கத்தின் பத்திரிகையில் அச்சாயிற்று. மனம் நிறையும் வேலை கிடைத்துவிட்டது, வயிற்றுக்கும் குறைவில்லை. இதற்குமேல் என்ன வேண்டும் என்று உலகம் கேட்கும்.

அவருக்கோ அது பொறுக்கவில்லை. பிறருக்கு நெடுநாள் பாரமாக இருப்பதை விரும்பாது வேலை தேடினார். அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீஸில் மாதம் 20 ரூபாய்க்குச் சில வாரங்கள் தாற்காலிகமாக உழைத்தார். பிறகு 1912 மார்ச் 1ல் சென்னைத் துறைமுக டிரஸ்ட்டில் கணக்குப் பகுதிக் குமாஸ்தாவாக அமர்ந்தார். சம்பளம் 30 ரூபாய். ஓய்வு ஒன்றையே வேண்டிய மனிதர், கிடைத்த ஓய்வைத் தாமே விட்டு, தகப்பனார் செய்த அதே கணக்கு வேலைக்கு வந்து சேர்ந்தார்! மனைவியையும் தாயாரையும் வைத்துக் குடித்தனம் நடத்தியதும் இச்சம்பளத்தில்தான். மன நிறைவு என்பதில் சுயமரியாதைக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை அவர் உணர்ந்திருந்தார். தான் உழைத்து உண்ணாத அன்னம், எவ்வளவு அன்போடு இடப்பட்டதாயினும், சிலருடைய தொண்டையில் இறங்குவதில்லை.

துறைமுகக் கணக்கு அவருடைய உள்ளத்தை நிறைத்திருக்கும் என்று யாரும் சொல்லத் துணியார். ஆனால் அது அவருடைய உள்ளத்தைக் காயப்படுத்தவுமில்லை. அங்கே மேலதிகாரியாயிருந்த நாராயண ஐயர் தாமும் கணிதம் வல்லவர். மாலையில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டுடன் அமர்ந்து இரவு வெகுநேரம் வரை கணக்கிடுவராம். ராமானுஜன் பத்துப் படிகளை இரண்டாகத் தாண்டிச் சென்றுவிட, மற்றவர்கள் விளங்கிக்கொள்ளும்படி இடைப்படிகளையும் எழுத வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவரே. டிரஸ்ட்டின் தலைவர் ஸர் பிரான்ஸிஸ் ஸ்ப்ரிங் இந்த விசித்திரமான குமாஸ்தாவைப் பற்றித் தமக்குத் தெரிந்த பெரிய மனிதர்களுக்கெல்லாம் எழுதினார். அவ்வேலையில் இருந்தபடியேதான் 1913 ஜனவரி 16 தேதியிட்டுக் கேம்ப்ரிட்ஜிலுள்ள ஹார்டிக்கு அந்தப் புகழ்பெற்ற கடிதம் சென்றது. தாம் துறைமுக ஆபீஸில் சொற்பச் சம்பளம் பெறும் ஒரு குமாஸ்தா என்றே அதில் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார். அதே வருஷம் மே மாதம் முதல் சென்னை ஸர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் தந்து ஆராய்ச்சிக்கென்றே அவரை அமர்த்திக்கொண்டது. துறைமுகத்தில் இருந்தது பதினான்கு மாதம்.

ஆகவே இளமையில் கிடைக்கும் முதல் வேலையை எடைபோடும்போது, 'இது என் மனத்தை நிறைக்கிறதா' என்று கேட்பதைவிட, 'என் மனத்தை நிறைப்பது எதுவோ அதற்கு இது இடம் விட்டிருக்கிறதா, அதை அறிந்த ஒருவராவது இங்கே இருக்கிறாரா' என்று கேட்பதே பொருத்தமாகும். சம்பளத்தை விசாரிப்பவர்கள் நாராயண ஐயரை விசாரிப்பதில்லை.

இதைக் கேட்டவுடன், 'அப்படியானால் எவ்வளவு காலமானாலும் பொறுத்திருக்கலாமே' என்று சில தகப்பனார்கள் தெம்படையக்கூடும். அதற்கும் இடமில்லை. ராமானுஜன் 32 வயதில், 1920 ஏப்ரல் 26ல் பரமபதம் அடைந்தார். அவர் அகாலத்தில் மறைந்ததைக் காட்டிலும், இளமையில் வழிகாட்டுவாரின்றிக் கழிந்த அந்த ஐந்து ஆண்டுகளே பெரிய இழப்பு என்று ஹார்டி கருதினார். கணிதத்தில் முப்பது வயதே முதுமை போன்றது என்பது அவருடைய கொள்கை. கணிதத்திற்கு மாத்திரமன்று, வேறு பல வித்தைகளுக்கும் காலம் உண்டு. பொறுமை நல்ல குணம்தான். பிள்ளையின் பொறுமையைப் பெற்றோர் செலவழிப்பதற்கு ஓர் எல்லை வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ராமானுஜனுக்குத் தம் ஸ்வபாவம் சிறு வயதிலேயே தெரிந்திருந்தது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது இருபத்திரண்டில் தெரிவதில்லை. தெரியாதது குற்றமுமன்று. அவர்களிடம் போய் 'உனக்கு எதில் ஆசை' என்று கேட்டுத் துளைப்பது வீண். கோயிலில் மாலை கட்டும் பையனைப் பார்க்கலாம். முதல் மாதத்தில் அவனுக்கு விரல் வலியைத் தவிர வேறு பலனில்லை, தொடுத்த சரம் தளர்ந்து பூ உதிரும், வசவும் கிடைக்கும். கை பழகியபின் ஒரு நாள், நாரைப் பார்க்காமலே விரல் ஓடுவதை அவனே கண்டு வியக்கிறான். அன்றுதான் அதில் ருசி பிறக்கிறது. நாகஸ்வரம் பயிலும் சிறுவனுக்கும் அப்படியே. ருசி முன்னால் வந்து தொழில் பின்னால் வருவதும் உண்டு. தொழில் முன்னால் வந்து ருசி பின்னால் வருவதும் உண்டு. ஆறு மாதத்தில் கசந்தது என்று விடுபவன், கசந்தது தொழிலா, தன் பழகாத கையா என்று ஆராய்ந்து பார்க்க வேண்டும். கை நன்கு பழகியபின்னும் காலையில் எழுந்தவுடன் நெஞ்சு கனக்குமானால், அப்போது அது ஸ்வபாவத்தின் குரல். அதைப் பெற்றோரும் மதித்தே ஆக வேண்டும்.

பொய்க் கணக்கு எழுதச் சொல்லும் இடம், எடையில் குறைக்கச் சொல்லும் இடம், ஏழையை ஏமாற்றினால் சம்பளம் உயரும் இடம் ஆகியவற்றுக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் தேவையில்லை. மறு வேலை கிடைக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அங்ஙனம் விட்டு வந்த பிள்ளையை, மாதம் இரண்டு கையேந்தி நின்றாலும், வீட்டார் ஒரு சொல் குறை சொல்லலாகாது.

ஸ்ரீநிவாஸ ராமானுஜன் 1914 மார்ச் 17ல் இங்கிலாந்துக்குக் கப்பலேறியதும் சென்னைத் துறைமுகத்திலிருந்தே. 1918ல் ராயல் ஸொஸைட்டியின் அங்கத்தினரானார். சென்னை ஸர்வகலாசாலை அவருக்கு வருஷத்திற்கு 250 பவுன் அளிக்க முன்வந்தபோது, 1919 ஜனவரியில் நோயாளியாக இருந்த நிலையிலும் அதற்கு நன்றி கூறி ஒரு கடிதம் எழுதினார். தமக்கு அவ்வளவு பணம் தேவைப்படாது என்றும், பெற்றோருக்கு வருஷம் 50 பவுன் கொடுத்து, தம் செலவும் போக மீந்ததை, ஏழைப் பிள்ளைகளுக்கும் அநாதைகளுக்கும் பள்ளிக்கூடச் சம்பளத்தைக் குறைக்கவும் புத்தகங்கள் வாங்கித் தரவும் உபயோகிக்க வேண்டும் என்றும் அதில் கேட்டுக்கொண்டிருந்தார்.