கல்லான உயிர்கள் எவருக்காக?

திருவண்ணாமலையில் வாழும் நமக்குக் கல் என்றதும் மலையே நினைவுக்கு வரும். பூமியின் ஆழத்து வெப்பத்தில் உருவான அப்பாறையைப் பிளந்தால் உயிரின் சுவடு எதுவும் கிட்டாது. தெற்கே ஊட்டத்தூர், காரை, அரியலூர்ப் பகுதிகளிலோ நிலை வேறு. மழை அரித்த அந்த ஓடைகளில் ஆட்டுக்கிடாயின் கொம்புபோல் சுருண்ட கற்கள் கிடைத்துள்ளன. அவை அம்மோனைட்டுகள், கணவாய்க்கு உறவான கடலுயிர்களின் ஓடுகள். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்நிலம் கடலடியில் இருந்தது.

அவ்வுயிர் வளர வளர ஓட்டின் வாயை நீட்டி, தனக்குப் பின்னால் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பும். விட்டுவந்த அறைகளில் காற்று நிறைய, நீரில் மிதக்கும். அச்சுவர் ஓட்டைத் தொடும் விளிம்பு இலையோரம்போல் நெளிந்து செல்லும். இத்தனை நுண்ணிய வேலைப்பாடு எவர் கண்ணுக்காக? மனிதன் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே, 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், அவ்வினம் முழுவதும் அற்றுப்போயிற்று.

மனிதனுக்குப் பயன்படுவதே படைப்பின் மதிப்பு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். தொடக்க நூலைத் திறந்து பார்ப்போம். கடலுயிர்களை இறைவன் நல்லவை எனக் கண்டது ஐந்தாம் நாளில்; மனிதன் வருவது ஆறாம் நாளில். அந்தத் தீர்ப்பு வழங்கப்பட்டபோது நம்மை எவரும் கலந்துகொள்ளவில்லை. திருத்தந்தை பிரான்சிசின் 'லவுதாத்தோ சி' திருமடலும் (2015) பயனைக் கடந்த மதிப்பு ஒவ்வோர் உயிருக்கும் உண்டு என்றே கற்பிக்கிறது.

நல்லவையெனில் ஏன் அழிந்தன? எளிதில் விடை கூற இயலாத கேள்வி. ஆயினும் நீடித்திருப்பதே மதிப்பின் அளவுகோல் என்றால், சில நாளே வாழ்ந்த குழந்தையின் கல்லறையில் நவம்பர் 2ஆம் நாள் நாம் ஏற்றும் மெழுகுதிரிக்கு என்ன பொருள்?

இவ்வோடுகளை ஆராய்ந்து எழுதியவர்களுள் ஒருவர் மொராவியா நாட்டில் பிறந்த ஸ்டோலிச்கா. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் 1862இல் சேர்ந்த அவர், 1874இல் தம் 36ஆம் வயதில் இலடாக்கில் மாண்டு, லே நகரில் அடக்கமானார். மறு ஆண்டே அம்மோனைட்டுப் பேரினம் ஒன்றுக்கு 'ஸ்டோலிச்காயா' என அவர் பெயர் சூட்டப்பட்டது. ஆதாம் விலங்குகளுக்குப் பெயரிட்டான். ஆனால் பெயரிட்டவன் உடைமையாளன் ஆகிவிடுவதில்லை.

அரியலூர்ச் சுண்ணக்கல் இன்று சிமெண்டாகிறது. அக்கல்லில் பழங்கடலின் சிப்பிகள் செறிந்துள்ளன. வீடும் ஆலயமும் கட்டவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. இருக்கும் கெபிக்கு அருகிலேயே இன்னொரு கெபி தேவைதானா என்று பங்குப் பேரவையில் கேட்கலாம்.