கையை விடாத ஆண்டவர்

(பிப்ரவரி 11, உலக நோயாளர் நாள். நற்செய்தி: மாற்கு 8:22-26)



நம் கொங்கு வீடுகளில் பாசத்துக்கு ஒரு பெயர் உண்டு: 'கண்ணு'. வளர்ந்து ஆளான பேரனையும் அம்மாயி அப்படித்தான் கூப்பிடுவார். எதை இழக்க நாம் மிகவும் அஞ்சுகிறோம் என்பதை அந்த ஒரு சொல்லே காட்டிவிடுகிறது. அந்தக் கண் ஒரு நாள் காலையில் திடீரென்று பாதி இருண்டுவிட்டால்?

நோயுற்றோரைப் பார்க்கப் போகும் வீடுகளில் இதைக் கேட்கிறேன். "ஒரு பக்கம் திரை போட்ட மாதிரி இருக்குதுங்க, சாமி." "கண்ணுக்குள்ள பொகை ஓடுதுங்க." ஒருவருக்கு விழித்திரை விலகியிருக்கும். இன்னொருவருக்குப் பல ஆண்டுச் சர்க்கரையால் கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கும். வேறொருவருக்கு விழித்திரைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்திருக்கும். எவ்வளவு பார்வை திரும்பும் என்று கேட்டால், நேர்மையான மருத்துவர் உறுதி சொல்லமாட்டார். பொறுத்துப் பார்க்கலாம் என்பார். அந்தப் பொறுத்திருத்தல்தான் பெரும் பாரம். விடிந்ததும் நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டு, மேற்கே குருடிமலை நேற்றைவிடக் கொஞ்சம் தெளிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். தெளிந்தது போலவும் இருக்கும், இல்லாதது போலவும் இருக்கும். ஊற்றும் காபி டம்ளருக்கு வெளியே சிந்தும். படியின் ஆழம் பிடிபடாது. லேத் பட்டறையில் கண்ணை நம்பி ஓடிய கை தயங்கும். கை தயங்கினால் வீட்டு வருமானமும் தயங்கும்.

இப்படிப் பார்வை இழந்த ஒருவரைத்தான் இன்றைய நற்செய்தியில் பெத்சாய்தா மக்கள் இயேசுவிடம் கூட்டி வருகிறார்கள். இயேசு அவர் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே அழைத்துப் போகிறார். கண்களில் உமிழ்ந்து, கைகளை வைத்து, ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிறார். அவரோ, மனிதர்கள் தெரிகிறார்கள், ஆனால் நடக்கிற மரங்களைப் போலத் தெரிகிறார்கள் என்கிறார். மரம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. முன்பு பார்வை இருந்து, பிறகு இழந்தவராக இருக்க வேண்டும்.

நான்கு நற்செய்திகளிலும் இரண்டு படியாக நடந்த குணப்படுத்தல் இது ஒன்றுதான். அந்த முதல் படியில் அவர் என்ன செய்தார் என்று கவனியுங்கள். ஆண்டவரே தொட்டிருக்கிறார், சரியாகவில்லை என்று எப்படிச் சொல்வது என அவர் மழுப்பவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னார். இயேசுவும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. உனக்கு விசுவாசம் போதாது என்று சொல்லவில்லை. மறுபடியும் கைகளை வைத்தார். பாதிதான் தெரிகிறது என்று ஆண்டவரிடம் சொல்வது விசுவாசக் குறைவு அன்று. அதுவே செபம்.

அந்த முதல் படியில் நாள்கணக்காக, ஆண்டுக்கணக்காக நிற்கிறவர்களையும் திருமறை அறியும். தோபித்து நான்கு ஆண்டுகள் பார்வையின்றி இருந்தார். மருத்துவர்களிடம் போனார், மருந்து பூசப் பூச நிலைமை மோசமாயிற்று. அவர் மனைவி அன்னா நெசவு வேலை செய்து குடும்பத்தைக் காத்தார். தறி ஓடும் நம் பகுதிக்கு அந்த வீடு நன்றாகவே புரியும். ஒரு நாள் கூலியோடு ஓர் ஆட்டுக்குட்டியும் கிடைத்தபோது, திருடி வந்தாயோ என்று மனைவியையே சந்தேகப்பட்டார். பிறகு மனம் உடைந்து, சாவு வரட்டும் என்று மன்றாடினார். திருமறை இதை மறைக்கவில்லை. உங்கள் வீட்டில் கண் மங்கியவர் எரிந்து விழுந்தால், அது உங்கள்மேல் உள்ள வெறுப்பு அன்று, அவருடைய அச்சம். அன்னாவைப் போல் உழைத்துக் களைத்த துணைவியரையும் இந்தத் திருப்பலியில் நினைக்கிறேன்.

கடைசிவரை முழுமையாகக் குணமாகாவிட்டால்? டாக்டர் கோ. வெங்கடசாமியை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஸ்ரீ அரவிந்தரின் வழியில் நடந்தவர். இளம் வயதில் மூட்டுவாதம் தாக்கி அவர் விரல்கள் முறுக்கிக்கொண்டன. படுக்கையில் நெடுங்காலம் கிடந்தார். விரல்கள் நேராகவே இல்லை. அந்த விரல்களுக்குக் கத்தி பிடிக்கப் பழக்கிக் கண் மருத்துவரானார். 1 லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அவர் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1997 முதல் நம் கோவையிலும் இயங்குகிறது. வளைந்த கையையும் கடவுள் பிறர் கண்ணைத் திறக்கப் பயன்படுத்தினார்.

விழித்திரை அறுவையில் கண்ணுக்குள் வாயு செலுத்தப்பட்டால், பல நாள் முகம் கவிழ்ந்தே இருக்கச் சொல்வார்கள். கழுத்து வலிக்கும், தரையைத் தவிர வேறொன்றும் தெரியாது. புனித வெள்ளியன்று குருவானவர் பீடத்தின் முன் முகங்குப்புற விழுந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்நேரம் அவர் வாய் ஒரு சொல்லும் பேசுவதில்லை. செபிக்க முடியவில்லையே என்று வருந்தாதீர்கள். அப்படிக் கவிழ்ந்து கிடக்கும் உங்கள் உடலே செபம்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். கண்ணில் திடீரென மின்னல் வெட்டினாலோ, கரும்புள்ளிகள் பறந்தாலோ, திரை விழுந்தாலோ, அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். வலி இல்லை என்று இருந்துவிடாதீர்கள். தாய்ப்பாலோ எண்ணெயோ ஊற்றாதீர்கள். செபமாலையை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் சொல்லலாம். சர்க்கரை உள்ளவர்கள், கண் நன்றாகத் தெரிந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைக் காட்டிவிடுங்கள்.

பெத்சாய்தாக்காரருக்குப் பார்வை தருவதற்கு முன்பே இயேசு தம் கையைத் தந்துவிட்டார். பார்வை எப்போது வரும், எவ்வளவு வரும் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் நாம் கை தரலாம். மேட்டுப்பாளையம் சாலையைக் கண் மங்கியவரால் தனியாகக் கடக்க முடியாது. மருந்துச் சீட்டை வாசிக்க ஆள் வேண்டும். பரிசோதனை நாளில் துணை வேண்டும். இவற்றை நம் அன்பியங்கள் இந்த வாரமே பங்கிட்டுக்கொள்ளட்டும்.

இப்போது நோயில்பூசுதல் அருளடையாளம். நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசுவோம். கண் மங்கியவர்கள் தனியாக எழுந்து வர வேண்டாம். பக்கத்தில் இருப்பவர்களே, அவர்கள் கையைப் பிடித்துக் கூட்டி வாருங்கள். ஆமென்.