உழைப்பு குறைந்தால் உபசாரம் குறையுமா?

அமெரிக்கக் கிறிஸ்துமஸ் விருந்துக்கான இறைச்சி உருண்டைகளைக் காலையிலேயே ஸ்லோ குக்கரில் போட்டுவிட்டு ஓய்ந்திருப்பது விருந்தோம்பலில் சோம்பல் ஆகாதா? அந்தக் கருவியின் பிறப்பிலேயே விடை இருக்கிறது. 1940-இல் அதற்குக் காப்புரிமை பெற்ற இர்விங் நாக்ஸனுக்கு, லித்துவேனிய யூதர்களின் ஓய்வுநாள் உணவான சோலன்ட் பற்றித் தாய் சொன்ன செய்தியே தூண்டுகோல். ஓய்வுநாளில் சமைப்பதை யூத நெறி விலக்குகிறது. வெள்ளியன்று சூரியன் மறைந்து ஓய்வுநாள் தொடங்குமுன் அடுப்பேறியது இரவெல்லாம் தானே வேகும். அங்கே உழைப்பு ஒழியவில்லை, முன்கூட்டியே முடிந்துவிடுகிறது.

வருந்திச் செய்வதே அன்பின் அளவு என்று சிலர் மறுக்கலாம். லூக்கா நற்செய்தியிலோ, பணிவிடையில் பரபரத்த மார்த்தாளைவிட, அருகில் அமர்ந்து கேட்ட மரியாளையே இயேசு மெச்சினார். உழைப்பை அவர் இகழவில்லை, பதற்றத்தையே கண்டித்தார். சமையலறையிலேயே சிக்கிக்கொண்டவர் உணவைத் தருகிறார், தம்மைத் தருவதில்லை. மிஞ்சிய நேரம் விருந்தினருக்குப் போனால் எளிமையும் அறமே.