யாருக்கு அந்தச் சத்தம்?

காடி இன்னும் வந்து சேரவில்லை. அதில் எதையெல்லாம் கழற்றிப் போடுவது என்பது மட்டும் முடிவாகிவிட்டது.

என் தம்பி புக்கிங் செய்திருப்பது டொயோட்டா ஜிஆர்86. இரண்டு கதவு, 2.4 லிட்டர் பாக்ஸர் எஞ்சின், பின்சக்கர டிரைவ், ஆறு கியர் மெனுவல். ஜொகூர் பாருவில் வீடு, சிங்கப்பூரில் வேலை என்று பல வருடம் விடியற்காலையில் மோட்டாரில் கடற்பாலம் தாண்டிச் சேர்த்த காசில் முன்பணம் கட்டினான். மிச்சத்துக்கு ஒன்பது வருட லோன். அவன் கணினியில் ஒரு பட்டியல் இருக்கிறது. டயர், ரிம், பிரேக் பேட், பிரேக் எண்ணெய், அப்சோர்பர், சீட், எக்சோஸ். எதை முதலில் மாற்றுவது, எதைப் போனஸ் வந்த பிறகு மாற்றுவது, எது ஜப்பான் பொருள், எது தைவான் பொருள் என்று வரிசையாக எழுதி வைத்திருக்கிறான். நானும் இதில் கூட்டாளி. எந்தப் பொருளைப் பற்றி யார் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று தேடிப் படிப்பது என் பங்கு. புத்தகம் படிக்கிறவனுக்கு இந்த வேலைதான் கிடைக்கும்.

அம்மாவுக்கு இது விளங்கவே இல்லை. "புதுசா வாங்குறத ஏண்டா பிரிக்கப் போறீங்க? அவனுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்?" அம்மா சொல்லும் 'அவன்' டொயோட்டா.

தம்பி சொன்ன பதில் எனக்குப் பிடித்திருந்தது. "ரெடிமேட் பேண்ட் வாங்கினா கால வெட்டித் தைக்கிறீங்களே, அதுக்கு எந்தக் கம்பெனிகிட்டம்மா கேட்டீங்க?"

தொழிற்சாலை யாரோ ஒரு சராசரி மனிதனை மனதில் வைத்துக் காடி செய்கிறது. அந்த மனிதன் எந்த ஊரிலும் இல்லை. அவனுக்கும் நமக்கும் இருக்கும் இடைவெளியில்தான் இந்தப் பட்டியல் உருவாகிறது. இந்தக் காடியின் வம்சத்தில் அந்த இடைவெளியைத் தெரிந்தே விட்டு வைத்திருக்கிறார்கள். 2012இல் வந்த முதல் 86க்கு டொயோட்டா போட்டுக்கொடுத்தது, ப்ரியஸ் ஹைபிரிட் காடிக்கும் போட்ட அதே வகை மிச்செலின் டயர். எண்ணெய் மிச்சம் பிடிக்கும் டயரை ஸ்போர்ட்ஸ் காடிக்குப் போடுவதா என்று பலரும் சிரித்தார்கள். பிடிமானம் குறைவாக இருந்தால்தான் சாதாரண வேகத்திலேயே பின்பக்கம் வழுக்கும், ஓட்டுகிறவன் காடியைக் கையால் உணர்வான் என்பது அவர்கள் கணக்கு. ஜப்பானில் ஆர்சி என்றொரு ரகமும் விற்றார்கள். இரும்பு ரிம், பெயிண்ட் அடிக்காத பம்பர், ஏர்கோன் கிடையாது. வாங்குகிறவன் எப்படியும் பிரிக்கத்தான் போகிறான் என்று தெரிந்தவர்கள் செய்த காடி அது.

இந்தப் பழக்கத்துக்கு நம் நாட்டில் வேறொரு வரலாறு உண்டு. 1990களில் ஸ்போர்ட்ஸ் காடி வாங்க வசதியில்லாதவர்கள் அதைச் செய்துகொண்டார்கள். ஜப்பானில் ஓடி முடித்த காடிகளின் முன்பாதியை வெட்டிக் கப்பலில் கொண்டுவருவார்கள். ஹாஃப்-கட் என்று பெயர். அதிலிருந்து மிட்சுபிஷி 4ஜி92 மைவெக் எஞ்சினைக் கழற்றி, புரோட்டோன் வீராவிலும் சத்ரியாவிலும் ஏற்றுவார்கள். பட்டறையில் தரையில் உட்கார்ந்து வயர் வயராகப் பிரித்து இணைத்த போர்மேன்கள் பலர் ஐந்தாம் படிவம் தாண்டாதவர்கள். இலக்கியக் கூட்டங்களில் 'காடி மோடிஃபை பண்ற பசங்க' என்று ஒரு தொனியில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அந்தத் தொனியில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு பொருளைப் பிரித்து அதன் உள்ளே போய்த் திரும்பி வருகிறவனுக்கு அந்தப் பொருளோடு ஏற்படும் உறவு, அதைக் காசு கொடுத்து வாங்கிக் கழுவி நிறுத்துகிறவனுக்கு ஏற்படாது. வாடகைக் கொள்முதலில் கடைசித் தவணை கட்டும்வரை காடி சட்டப்படி வங்கிக்குச் சொந்தம். அப்படியிருக்க, தம்பி அதை 'என் காடி' என்று சொல்லப்போவது எந்த உரிமையில்? அவன் கை பட்ட இடங்களின் உரிமையில் என்றுதான் நினைக்கிறேன்.

ஆகவே பட்டியலில் பெரும்பகுதி பற்றி எனக்குக் கேள்வியே இல்லை. நல்ல டயர், சூட்டில் தளராத பிரேக் எண்ணெய் எல்லாம் அவனையும் காப்பாற்றும், எதிரில் வருகிறவனையும் காப்பாற்றும். சீட்டை மாற்றினால் அவன் முதுகுக்கு மட்டும்தான் தெரியும். எக்சோஸ் ஒன்றுதான் வேறு மாதிரி. மற்றதெல்லாம் காடிக்குள் நிற்கிறது. எக்சோஸ் வேலி தாண்டுகிறது.

இதைப் பேச ஆரம்பித்த பிறகுதான் ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். இந்தக் காடியில் ஆக்டிவ் சவுண்ட் கன்ட்ரோல் என்று ஒன்று இருக்கிறது. எஞ்சின் சத்தத்தைப் பெருக்கி, காடிக்குள் இருக்கும் ஸ்பீக்கர் வழியாக ஓட்டுகிறவன் காதில் போடும். வெளியே நிற்பவர்களுக்கு அடக்கமான காடி, உள்ளே இருப்பவனுக்குச் சிங்கம். சத்த விதிகள் இறுகிக்கொண்டே வந்த காலத்தில் பல கம்பெனிகள் இப்படி ஒரு வழி கண்டுபிடித்தன.

தம்பிக்கு இதைக் கேட்டாலே அருவருப்பு. "அது பொய்ச் சத்தம்ணே. ஸ்பீக்கர்ல போட்டு என்னை ஏமாத்துறான். எனக்கு எஞ்சின் போடுற சத்தம் வேணும், அவ்ளோதான்." அந்த ஸ்பீக்கரின் இணைப்பைப் பிடுங்குவது பட்டியலில் முதல் வரி. செலவு இல்லை.

அவன் கேட்பது நியாயமான ஆசைதான். உண்மையான ஒன்றைக் கேட்கிறான். சிக்கல் என்னவென்றால், அந்தப் பொய் யாரையும் எழுப்பாது, உண்மை எழுப்பும். பொய்யைவிட உண்மை உயர்ந்தது என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். மற்றவருக்குத் தொல்லை தராதே என்றும் சொல்லித்தான் வளர்த்தார்கள். இரண்டும் ஒரே எக்சோஸ் குழாய்க்குள் வந்து முட்டிக்கொள்ளும் என்று யாரும் சொல்லவில்லை.

எங்கள் தாமானில் எல்லாம் 20க்கு 70 அடி வரிசை வீடுகள். வலப்பக்கத்தில் ஒரு மக்சிக். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் போகிறார். இரவெல்லாம் கால் குடைச்சலில் விழித்திருந்து விடியற்காலையில்தான் கண் அயர்வார். இடப்பக்கத்தில் ஓர் இளம் சீனத் தம்பதி, நாலு மாதக் குழந்தை. தம்பி காடி எடுக்கப்போவது ஞாயிறு விடியல் ஐந்து மணிக்கு. கோத்தா திங்கியிலிருந்து மெர்சிங் போகும் பழைய சாலையில் லாரி இல்லாத நேரம் அதுதான். குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் கேடலிட்டிக் கன்வெர்ட்டரைச் சீக்கிரம் சூடாக்குவதற்காக ஆர்பிஎம்மை உயர்த்தி வைத்துக்கொள்ளும். நின்ற இடத்தில் காடி அதிகம் கத்துவது அந்த முதல் ஒரு நிமிடத்தில்தான். டெசிபல் கணக்கும் ஆளை ஏமாற்றும். பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு, காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. போர்ச்சில் நிற்கும் காடியின் எக்சோஸிலிருந்து மக்சிக்கின் சன்னல் ஐந்து மீட்டர்கூட இருக்காது.

சட்டம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சத்தத்துக்கென்றே 1987இல் சுற்றுச்சூழல் விதிகள் வந்தன. ஆனால் இங்கே சொந்தக் காடிக்கு வருடா வருடம் சோதனை கிடையாது. ரோட்டில் ஜேபிஜே மறித்தால்தான் உண்டு. மறிக்காத நாள்களில் அது அவனவன் மனசாட்சி.

தம்பி சும்மா விடுகிறவன் இல்லை. "தைப்பூசத்துக்கு உறுமி அடிச்சிட்டுப் போறப்ப பக்கத்து வீட்டுக்காரங்களக் கேட்டுட்டா அடிக்கிறோம்?" என்றான்.

உறுமிக்கு ஒரு நாள் இருக்கிறது, தொடக்கமும் முடிவும் இருக்கிறது, அது ஒருவனுடைய சத்தமில்லை, கூட்டத்துடையது என்றெல்லாம் சொன்னேன். சொல்லும்போதே அது எனக்குப் போதவில்லை. நம்முடைய சத்தம் நமக்கு எப்போதும் பண்பாடு, அடுத்தவருடையது தொந்தரவு. இந்தக் கோளாறு உறுமி விஷயத்தில் எனக்கும் உண்டு.

அடுத்து அவன் சொன்னதுதான் குத்தியது. "லம்போர்கினி கத்தினா ஆளுங்க நின்னு போட்டோ எடுக்குறாங்க. கப்சாய் கத்தினா சம்மன். சத்தம்தான் பிரச்சனையா, இல்ல யாரு போடுறான்றதாண்ணே?"

வார இறுதியில் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் வரிசையாகப் போகும் வெளிநாட்டுக் காடிகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கேட்கும் காதுக்கும் வர்க்கம் உண்டு. எங்கள் அப்பா எஸ்டேட் லயத்தில் பிறந்தவர். பலகைச் சுவர் வீடு. இந்த வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் தண்ணீர் மொண்டு வைப்பார்கள் என்பார். அதே அப்பா கிராணியின் மோட்டார் சத்தம் தூரத்தில் கேட்டதும் பேச்சை நிறுத்திக்கொண்ட கதையும் சொல்லியிருக்கிறார். அந்த வம்சத்திலிருந்து வந்த ஒருவன், தான் வருவது நாலு தெருவுக்குக் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுவதில் வெறும் பகட்டு மட்டுமே இருப்பதாக என்னால் நினைக்க முடியவில்லை. அதற்காகக் கணக்கு தீர்ந்துவிடாது. மக்சிக் யாரையும் மறித்துச் சம்மன் கொடுத்தவரில்லை. எங்கள் சந்தில் எந்த லம்போர்கினியும் நுழைவதில்லை. அவர் சன்னலுக்கு வரப்போவது தம்பியின் காடி ஒன்றுதான்.

இந்தப் பேச்சின் நடுவில்தான் எனக்கு அகநானூற்றின் நான்காம் பாட்டு நினைவுக்கு வந்தது. குறுங்குடி மருதனார் பாடியது, முல்லைத்திணை. கார்காலம் வந்துவிட்டது, தலைவன் தேரில் வீடு திரும்புகிறான் என்று தோழி தலைவிக்குச் சொல்கிறாள். வழியெல்லாம் பூத்த சோலை. பூவில் துணையோடு இருக்கும் வண்டுகள் கலைந்துவிடுமே என்று அஞ்சி, அவன் தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான்.

பள்ளியில் இதைத் தலைவனின் இரக்கத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லிக்கொடுத்தார்கள். சரிதான். ஆனால் அவன் எதை இழக்கிறான் என்று யாரும் சொல்லித்தரவில்லை. தேர்மணி அலங்காரத்துக்கு மட்டும் கட்டப்பட்டதில்லை. காத்திருப்பவளுக்குத் தூரத்திலேயே அவன் வரவைச் சொல்வது அந்த மணிதான். அவன் அவசரத்தில் இருக்கிறான். சொன்ன பருவம் வந்துவிட்டது. இந்த நேரத்தில்தான் தன் வருகையின் சத்தத்தையே அடக்கிக்கொள்கிறான். வண்டுகள் அவனுக்கு யாருமில்லை. அவன் யார் என்று அவற்றுக்குத் தெரியப் போவதுமில்லை. தேரை அழகுபடுத்த ஆயிரம் செய்திருப்பான். கட்டிய நாவும் அவன் தேரில் செய்த ஒரு மாற்றம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் இலக்கியத்தில் நான் அறிந்த மிக நல்ல மோடிஃபிகேஷன் அது. (நாலு மாதக் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டுக் கண்மூடும் அந்தத் தம்பதியைத் துணையோடு இருக்கும் வண்டுகள் என்று சொன்னால் அவர்கள் சிரிப்பார்கள். அவர்களுக்குத் தூக்கம்தான் வேண்டும்.)

தம்பிக்குப் பாட்டைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்துப் பட்டியலில் எக்சோஸ் வரிசையில் ஒரு புதுப் பொருள் ஏறியிருந்தது. வால்வு வைத்த எக்சோஸ். குழாய்க்குள் ஒரு தட்டு. மூடினால் கிட்டத்தட்டக் கம்பெனி சத்தம், திறந்தால் முழுச் சத்தம். டேஷ்போர்டில் சின்ன ஸ்விட்ச். விலை சாதாரண எக்சோஸைவிட எக்கச்சக்கமாக அதிகம்.

"இது நாக்கு கட்டுறதுதானேண்ணே?" என்றான்.

வடிவத்தில் அதேதான். எனக்கு இருக்கும் சந்தேகம் ஸ்விட்சைப் பற்றியதில்லை. ஒரு சத்தத்துக்கு இவ்வளவு வெள்ளி கொடுத்தவன், அதை யாரும் கேட்காத இடத்தில் மட்டும் திறந்துவைப்பானா? தனியாக ஓட்டும்போது கேட்க மட்டும்தான் என்றால், அவன் வெறுக்கும் அந்த ஸ்பீக்கர் செய்வதும் அதே வேலைதானே. இதை அவனிடம் கேட்டேன். "செம்பனைக்கு நடுவுல யாருமே இல்லாத ரோட்ல எனக்கு மட்டும் கேட்டாலும் அது நெஜச் சத்தம்ணே. ஸ்பீக்கர் வேற, இது வேற" என்றான். அந்த வேறுபாடு எனக்குப் புரிகிறது. ஞாயிறு ஐந்து மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், தாமான் எல்லையில் இருக்கும் மேடு தாண்டும்வரை அவன் கை அந்த ஸ்விட்ச் பக்கம் போகாமல் இருக்குமா என்பதுதான் தெரியவில்லை. அவனுக்கும் தெரியாது. காடி வந்தால்தான் தெரியும்.

போன வாரம் மாமாக் கடையில் தே தாரிக் குடிக்கும்போது திடீரென்று கேட்டான்.

"அண்ணே, அந்தப் பாட்டுல வர்றவரு சோலையத் தாண்டினதும் மணிய அவுத்து விட்டிருப்பாருதானே?"

வீட்டுக்கு வந்து பாட்டை எடுத்துப் பார்த்தேன். அதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.