ஃப்ரீமேசன் இயக்கமும் இறைநம்பிக்கையும்

ஃப்ரீமேசன் இயக்கம் வயதுவந்த ஆண்கள் சேரும் சகோதர அமைப்பு. ஒழுக்கப் பயிற்சி, தோழமை, அறப்பணி ஆகியவை அதன் நோக்கங்கள். உறுப்பினர்கள் கூடும் உள்ளூர்க் கிளைக்கு லாட்ஜ் என்று பெயர். ஒரு நாட்டின் லாட்ஜுகள் பொதுவாக கிராண்ட் லாட்ஜ் என்ற தலைமை அமைப்பின் கீழ் இயங்கும். தான் ஒரு மதமல்ல என்று இவ்வியக்கம் உறுதியாகச் சொல்கிறது. ஆனாலும் கடவுள் நம்பிக்கை இல்லாதவரைச் சேர்த்துக்கொள்வதில்லை; எந்தக் கடவுள் என்று கேட்பதுமில்லை. வெவ்வேறு சமயத்தவர் தத்தம் வழிபாட்டை விடாமல் ஒரே அறத்துக்குக் கட்டுப்பட முடியுமா என்ற கேள்வி இதில் அடங்கியிருக்கிறது.

இதன் வேர் பிரிட்டனின் கல்தச்சர் சங்கங்களில் இருக்கிறது. பேராலயங்களையும் கோட்டைகளையும் கட்டிய தச்சர்கள் தங்கள் தொழில் நுட்பத்தையும் நடத்தை விதிகளையும் சங்கங்களுக்குள் காத்துவந்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் கல்வேலைக்குத் தொடர்பில்லாத பிரபுக்களும் கல்விமான்களும் அவற்றில் சேரத் தொடங்கினார்கள். 1717 ஜூன் 24ஆம் தேதி நான்கு லாட்ஜுகள் லண்டனில் ஒன்றுகூடி முதல் கிராண்ட் லாட்ஜை அமைத்தன என்பது இயக்கத்தின் மரபுவழி வரலாறு. 1723இல் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற பாதிரியார் தொகுத்த சட்டநூல் வெளிவந்தது. எல்லா மனிதரும் ஒப்புக்கொள்ளும் சமயமே உறுப்பினரைக் கட்டுப்படுத்தும், மற்ற நம்பிக்கைகள் அவரவர் சொந்த விஷயம் என்று அந்நூல் வகுத்தது. சமயப் போர்களில் ரத்தம் சிந்திக் களைத்த ஐரோப்பாவில் இது துணிச்சலான ஏற்பாடு.

லாட்ஜின் போதனை முழுவதும் கட்டுமானத் தொழிலின் கருவிகளைக் கொண்டே நடக்கிறது. மூலைமட்டம் நேர்மையையும், மட்டம் சமத்துவத்தையும், தூக்குக்குண்டு சாயாத நடத்தையையும், கவராயம் ஆசைகளுக்கு இடும் எல்லையையும் குறிக்கின்றன. 24 அங்குல அளவுகோல் ஒரு நாளின் 24 மணி நேரம்; அதை வழிபாட்டுக்கும் உழைப்புக்கும் ஓய்வுக்கும் பிறர்க்கு உதவுவதற்கும் பிரித்துக்கொள்ள வேண்டும். புதிதாகச் சேர்பவர் செதுக்காத கரட்டுக்கல்; பயிற்சியால் கட்டடத்தில் பொருந்தும் செதுக்கிய கல்லாக வேண்டும். பயில்பவர், தொழில் தோழர், தேர்ந்த மேசன் என்று படிநிலைகள் மூன்று. மூன்றாம் படிநிலையின் சடங்கு, சாலமோன் ஆலயத்தின் தலைமைத் தச்சர் ஹிராம் அபிஃப் கொலையுண்ட கதையை நடித்துக் காட்டுகிறது. தமக்கு ஒப்படைக்கப்பட்ட ரகசியத்தைச் சொல்ல மறுத்து அவர் உயிர் விடுகிறார். மரணத்துக்கு முன்னும் வாக்கு மாறாத நிலையே அக்கதையின் பாடம்.

முதல் படிநிலைச் சடங்கின் ஒரு பகுதி இப்போதனையின் இயல்பை நன்றாகக் காட்டுகிறது. சடங்கு தொடங்குமுன் காசு, மோதிரம், கைக்கடிகாரம் உள்பட உலோகப் பொருள் அனைத்தையும் புதியவர் கழற்றி வைத்துவிட வேண்டும். கண் கட்டப்பட்டு அழைத்துவரப்படும் அவர், வழிபடும் நூலின் மீது கைவைத்து உறுதிமொழி எடுத்தபின் கட்டு அவிழ்க்கப்படுகிறது. பிறகு கூடத்தின் வடகிழக்கு மூலையில், அடிக்கல் நாட்டும் திசையில், அவரை நிறுத்தி ஏழைகளுக்காக ஏதாவது தரும்படி கேட்கிறார்கள். கொடுக்க அவரிடம் ஒன்றுமில்லை. செல்வரானாலும் சரி, அதிகாரியானாலும் சரி, எல்லார் முன்பும் வெறுங்கையுடன் நிற்க வேண்டும். இல்லாதவனின் நிலை எப்படிப்பட்டது என்பதை அந்நொடி உணர்த்தி, பின்னாளில் கையேந்தி வருபவரைக் கண்டால் இதை நினைவுகொள்ளும்படி சொல்கிறார்கள். தர்மத்தைப் பற்றிய நீண்ட சொற்பொழிவு செய்யாத வேலையை இந்தச் சடங்கு செய்துவிடுகிறது.

லாட்ஜில் இறைவனுக்கு வழங்கும் பொதுப்பெயர் ‘பிரபஞ்சத்தின் மகா சிற்பி’. இது புதியதொரு தெய்வத்தின் பெயரல்ல. ஒவ்வொருவரும் தாம் வணங்கும் இறைவனை அதில் எண்ணிக்கொள்ளலாம். கூட்டம் நடக்கும்போது ஒரு புனித நூல் திறந்திருக்க வேண்டும். மதத்தையும் அரசியலையும் பற்றி லாட்ஜுக்குள் விவாதிக்கக் கூடாது. 1877இல் பிரான்சின் தலைமை அமைப்பான கிராண்ட் ஓரியன்ட் இறைநம்பிக்கை நிபந்தனையை நீக்கியது. மனச்சாட்சியின் முழுச் சுதந்திரமே அடிப்படை என்றது. கடவுளை நம்பாதவர் எடுக்கும் உறுதிமொழிக்கு எது பிணை என்று கேட்ட இங்கிலாந்தின் கிராண்ட் லாட்ஜ் அந்த அமைப்புடன் உறவை முறித்துக்கொண்டது. இந்தப் பிளவு இன்றும் நீடிக்கிறது.

சகோதரத்துவக் கொள்கைக்குக் கடுமையான சோதனை இந்தியாவில் நேர்ந்தது. 1730இல் கல்கத்தாவிலும் 1752இல் சென்னையிலும் லாட்ஜுகள் தோன்றின. அவை கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளுக்கும் ராணுவத்தினருக்கும் உரியவையாக இருந்தன. 1770களில் ஆற்காட்டு நவாபின் மகன் உம்தத்துல் உமரா திருச்சிராப்பள்ளியில் சேர்க்கப்பட்டார். இந்தியரில் முதல் ஃப்ரீமேசன் அவரே என்று கருதப்படுகிறது. அரச குடும்பத்துக்குத் திறந்த கதவு மற்றவர்களுக்குத் திறக்கவில்லை. பம்பாயில் 1843இல் பார்சிகளும் பிறரும் சேர்வதற்கென்றே ஒரு தனி லாட்ஜ் தொடங்க வேண்டியிருந்தது. கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத் விண்ணப்பித்தபோது, இந்துக்கள் பல தெய்வங்களை வணங்குவோர் என்றும் சாதிக் கட்டுப்பாடு சகோதரத்துவத்துக்கு இடந்தராது என்றும் எதிர்ப்பு எழுந்தது. அவர் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் போராடி 1872இல் உறுப்பினரானார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1884 பிப்ரவரியில், பின்னாளில் விவேகானந்தரான நரேந்திரநாத் தத் கல்கத்தாவின் ‘ஆங்கர் அண்ட் ஹோப்’ லாட்ஜில் சேர்ந்தார். பல வடிவங்களில் வழிபட்டாலும் பரம்பொருள் ஒன்றே என்ற இந்தியச் சிந்தனை, ஆண்டர்சனின் விதி சொன்னதை அவரைப் பின்பற்றியவர்களைவிட ஆழமாகப் புரிந்துகொண்டிருந்தது என்பதே இந்நிகழ்ச்சிகளின் பொருள்.

இந்திய கிராண்ட் லாட்ஜ் 1961 நவம்பர் 24ஆம் தேதி புதுதில்லியில் நிறுவப்பட்டது. ராம்பூர் நவாப் அதன் முதல் தலைவர். இந்திய லாட்ஜுகளில் பகவத் கீதை, பைபிள், குர்ஆன், குரு கிரந்த சாகிப், சென்ட் அவெஸ்தா ஆகிய நூல்கள் ஒரே மேடையில் வைக்கப்படுகின்றன. அவரவர் தம் நூலின் மீது உறுதிமொழி எடுக்கிறார்கள்.

இவ்வியக்கத்துக்கு வலுவான எதிர்ப்பும் உண்டு. போப் 12ஆம் கிளெமென்ட் 1738இலேயே கத்தோலிக்கர் இதில் சேரத் தடை விதித்தார். எல்லாச் சமயங்களையும் ஒரே தட்டில் வைப்பது, தம் சமயம் காட்டும் உண்மையே முழுமையானது என்ற நம்பிக்கையைத் தளர்த்திவிடும் என்பது திருச்சபையின் வாதம். 1983இல் வத்திக்கான் இத்தடையை மீண்டும் உறுதிசெய்தது. இஸ்லாமிய அறிஞர் சபைகள் சிலவும் எதிர்க்கின்றன. ரகசியம் பற்றிய சந்தேகம் இன்னொன்று. சடங்குகளும் சட்டநூல்களும் அச்சில் கிடைக்கின்றன. ஒருவரையொருவர் அடையாளம் காணும் குறிகளும் சொற்களுமே மறைத்து வைக்கப்படுகின்றன. ஆயினும் செல்வாக்குள்ளவர்கள் மூடிய அறையில் கூடினால் ஐயம் எழுவது இயல்பே.

சேர விரும்புபவர் தாமே முன்வந்து கேட்க வேண்டும். இந்தியாவில் 21 வயது நிறைந்திருக்க வேண்டும். நன்னடத்தையும் இறைநம்பிக்கையும் கட்டாயம். ஓர் உறுப்பினர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிவார். உறுப்பினர்கள் அவரைச் சந்தித்துப் பேசுவார்கள். அதன்பின் ரகசிய வாக்கெடுப்பு நடக்கும். வெள்ளைக் குண்டு இசைவு, கறுப்புக் குண்டு மறுப்பு. மறுப்பு வாக்குகள் மிகச் சில விழுந்தாலும் விண்ணப்பம் தள்ளுபடியாகலாம். சேர்க்கைக் கட்டணமும் ஆண்டுச் சந்தாவும் அறப்பணி நன்கொடையும் உண்டு. பெண்களுக்கு இந்த லாட்ஜுகளில் இடமில்லை. ஆண்களும் பெண்களும் சேரும் தனி அமைப்பு பிரான்சில் உருவானது. 1902இல் அதில் சேர்ந்த அன்னி பெசன்ட் அம்மையார் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார்.

வியாபாரத் தொடர்புக்காகவும் பதவிச் செல்வாக்குக்காகவும் லாட்ஜை நாடுபவர் அதன் முதல் உறுதிமொழியிலேயே பொய் சொல்கிறார். தம் சமயம் இதற்கு இசைகிறதா, குடும்பத்துக்கு உடன்பாடு உண்டா, சந்தாவும் நேரமும் தம் கடமைகளைப் பாதிக்குமா என்று முதலில் தெளிய வேண்டும். அயலாரின் இறைவனையும் தம் இறைவனைப் போலவே மதிக்க மனம் உள்ளவருக்கு லாட்ஜ் ஒரு நல்ல பயிற்சிக்கூடம். அந்த மனம் இல்லாதவருக்கு அங்கே எந்தச் சடங்கும் பயன் தராது.